மூடுவதற்கு முன் கேளுங்கள்: வீடு கட்டுகிறவர்களுக்கான கட்டடச் சொற்கள்

கட்டட வேலையில் ஒவ்வொன்றும் அடுத்ததால் மூடப்பட்டுவிடும். அஸ்திவாரக் கான்கிரீட்டான ஃபுட்டிங்கை மண் மூடும், கம்பியைக் கான்கிரீட் மூடும், செங்கலைப் பூச்சு மூடும், குழாயை டைல்ஸ் மூடும். மூடியபிறகு உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டுமானால் உடைத்துத்தான் பார்க்க வேண்டும். அதனால் புதிதாக வீடு கட்டுகிறவர்களிடம் நான் எப்போதும் ஒன்று சொல்வேன். எது மூடப்படப் போகிறதோ, அதன் பெயரையும் அதில் என்ன பார்க்க வேண்டும் என்பதையும் முந்தின நாளே தெரிந்துகொள்ளுங்கள். பெயர் தெரியாதவரால் கேள்வி கேட்க முடியாது. "அந்தக் கம்பிக்குக் கீழே ஏதோ வைப்பாங்களே" என்று இழுத்தால் மேஸ்திரி சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடுவார். "கவர் பிளாக் வைக்கலையே மேஸ்திரி, எப்ப வைப்பீங்க?" என்றால் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

புதுக்கோட்டை, தஞ்சாவூர் வட்டாரத்தில் வீட்டு வேலைகளுக்கு மேற்பார்வை செய்கிறேன். என் அப்பா கொத்தனார். பாலிடெக்னிக்கில் சிவில் படிக்கப் போவதற்கு முன்பே பாதிச் சொற்கள் வீட்டிலேயே காதில் விழுந்துவிட்டன. வரைபடத்தில் ஒரு பெயர், வேலை நடக்கும் இடத்தில் இன்னொரு பெயர் என்று இரண்டையும் பார்த்தவள் என்பதால், இரண்டையும் சேர்த்தே இங்கே சொல்கிறேன். வேலை நடக்கிற வரிசையிலேயே போகலாம்.

ஒப்பந்தம் போடும்போது

நம் ஊரில் கட்டட வேலை இரண்டு விதமாகப் பேசப்படும். ஆள் கூலி மட்டும் பேசி, சாமான் நாமே வாங்கிக் கொடுத்தால் லேபர் கான்ட்ராக்ட். சாமானும் கூலியும் சேர்த்துச் சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசினால் மெட்டீரியல் கான்ட்ராக்ட், அல்லது முழு கான்ட்ராக்ட். பழைய மேஸ்திரிகள் "சதுரத்துக்கு இவ்வளவு" என்பார்கள். ஒரு சதுரம் என்றால் 100 சதுர அடி.

தகராறு பெரும்பாலும் விலையில் வருவதில்லை, அளவில்தான் வருகிறது. சதுர அடி என்றால் எதை அளப்பது? சுவரின் வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்பு வரை அளந்தால் அது பிளிந்த் ஏரியா. கான்ட்ராக்டர்கள் கூலி கணக்கிடுவது பெரும்பாலும் இதை வைத்துத்தான். கார்ப்பெட் ஏரியா வேறு. 2016-இல் வந்த ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி, வெளிச்சுவர்களையும் பால்கனியையும் திறந்த மொட்டைமாடியையும் விட்டுவிட்டு, வீட்டுக்குள் இருக்கும் தடுப்புச் சுவர்களைச் சேர்த்துக்கொண்டு வருவது அது. அடுக்குமாடி வீடு வாங்கும்போது 'சூப்பர் பில்ட்-அப்' என்று பெரிய எண்ணைக் காட்டுவார்கள். அதில் மாடிப்படி, லிஃப்ட், நடைவழி எல்லாவற்றிலும் உங்கள் பங்கு கலந்திருக்கும். விலையை ஒப்பிடும்போது எல்லா இடத்திலும் கார்ப்பெட் ஏரியாவையே கேளுங்கள்.

தனி வீட்டுக்கு ஒப்பந்தம் எழுதும்போது இவற்றை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி எழுத வைக்க வேண்டும்: போர்ட்டிகோ முழு அளவா பாதி அளவா, மாடிப்படி, படிக்கட்டுக்கு மேலே வரும் ஹெட்ரூம், சன்ஷேடு, லாஃப்ட், தரைக்கடியில் வரும் தண்ணீர்த் தொட்டியான சம்ப், செப்டிக் டேங்க், காம்பவுண்டு சுவர், மொட்டைமாடியின் கைப்பிடிச் சுவர். இவை சதுர அடிக்குள் அடங்குமா, தனிக் காசா என்று வாயால் பேசிவிட்டுப் போனால் கடைசி பில்லில் கண்டிப்பாகச் சண்டை வரும். நான் பார்த்த மனக்கசப்புகளில் பாதி, சம்ப்பும் செப்டிக் டேங்கும் "அதுல சேராதுங்கம்மா" என்று சொல்லப்பட்டதில் வந்ததுதான்.

நிலத்து அளவையும் இத்தோடு சொல்லிவிடுகிறேன். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. சென்னைப் பக்கம் சொல்லும் கிரவுண்டு 2400 சதுர அடி. எஃப்.எஸ்.ஐ. என்பது தளப்பரப்புக் குறியீடு. எல்லாத் தளங்களின் பரப்பையும் கூட்டி மனையின் பரப்பால் வகுத்தால் வருவது. தமிழ்நாட்டின் 2019 கட்டட விதிகளில் உயரமில்லாத சாதாரணக் கட்டடங்களுக்கு இது 2. அதாவது ஒரு கிரவுண்டு மனையில் எல்லாத் தளமும் சேர்த்து 4800 சதுர அடி வரை. ஆனால் செட்பேக், அதாவது மனை எல்லைக்கும் சுவருக்கும் நடுவே விட வேண்டிய இடம், தனி விதி. அதை விழுங்கிக் கட்டினால் எஃப்.எஸ்.ஐ. சரியாக இருந்தும் பயனில்லை.

வேலையாட்களின் பெயர்கள்

மேஸ்திரி ஆட்களைக் கூட்டிவந்து வேலையை நடத்துபவர். கொத்தனார் கல் வைத்துக் கட்டுவார், பூசுவார். கலவை போடும், கனம் தூக்கும் ஆண் ஆளைப் பெரியாள் என்பார்கள். தெற்கே நிமிந்தாள் என்றும் சொல்வதுண்டு. கலவையும் கல்லும் எடுத்துக் கொடுக்கும் பெண்கள் சித்தாள். கம்பி வேலைக்கும் சென்ட்ரிங் வேலைக்கும் தனித்தனி ஆட்கள் வருவார்கள். கம்பியில் குறை இருந்தால் கொத்தனாரிடம் சொல்லிப் பயனில்லை. கம்பி ஆளிடமும் மேஸ்திரியிடமும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கோடு போடுவதிலிருந்து பேஸ்மட்டம் வரை

முதல் வேலை மார்க்கிங். வரைபடத்தில் இருக்கும் வீட்டைத் தரையில் நூல் கட்டிச் சுண்ணாம்புப் பொடியால் கோடு போடுவது. சுவரின், பில்லரின் நட்ட நடுவில் ஓடும் கோட்டுக்கு சென்டர் லைன் என்று பெயர். இங்கே பார்க்க வேண்டியது மூலைமட்டம், அதாவது மூலை சரியாக 90 டிகிரி இருக்கிறதா என்பது.

இதை நீங்களே பார்க்கலாம், டேப் ஒன்று போதும். இரண்டு நூல் சந்திக்கும் மூலையிலிருந்து ஒரு நூலில் 3 அடியிலும் மற்றொன்றில் 4 அடியிலும் குறி வையுங்கள். இரண்டு குறிக்கும் நடுவே குறுக்காக அளந்தால் சரியாக 5 அடி வர வேண்டும். ஒரு இன்ச் கூடினாலோ குறைந்தாலோ மூலை சாய்ந்திருக்கிறது. வீடு பெரிதென்றால் 6, 8, 10 அல்லது 9, 12, 15 வைத்துப் பாருங்கள். அளவு பெரிதாகப் பெரிதாகப் பிழை நன்றாகத் தெரியும். அதன்பின் மொத்த வீட்டுக்கும் எதிர் எதிர் மூலைகளைக் குறுக்கே அளந்து, இரண்டும் சமமா என்று பார்க்க வேண்டும். இந்த அரை மணி நேரத்தை விட்டுவிட்டால், மாதங்கள் கழித்து டைல்ஸ் போடும்போது ஒரு சுவரோரம் முழு ஓடும் அதே சுவரின் மறுமுனையில் சீவின ஓடுமாக நிற்கும். அப்போது டைல்ஸ்காரரைத் திட்டிப் பயனில்லை.

கடைக்காலுக்காகப் பள்ளம் எடுப்பதை வானம் தோண்டுதல் என்பார்கள். எவ்வளவு ஆழம் என்பதை மண்தான் சொல்லும். புதுக்கோட்டைப் பக்கம் செம்மண்ணும் சரளையும் சீக்கிரமே கெட்டியாகக் கிடைத்துவிடும். தஞ்சாவூர் வயல் மண் அப்படியல்ல. நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். அந்த மண்ணில் பக்கத்து வீட்டுக்காரர் அஞ்சடி போட்டார் என்று நாமும் அஞ்சடி போடக் கூடாது. மண் பரிசோதனை செய்து, ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிடம் வரைபடம் வாங்க வேண்டும். வீட்டின் மொத்தச் செலவில் அது சிறு தொகை.

பள்ளத்தின் அடியில் முதலில் போடும் கம்பி இல்லாத கான்கிரீட் பி.சி.சி. கம்பி மண்ணில் படாமல் உட்கார ஒரு சுத்தமான தரையை அது கொடுக்கிறது. அதன்மேல் கம்பியைப் பின்னல்போல் கட்டி வைப்பதை மேட் என்பார்கள். மேட்டின்மேல் பில்லர் கம்பியை நிறுத்திக் கான்கிரீட் போட்டால் அது ஃபுட்டிங். பில்லரை வரைபடம் காலம் என்று சொல்லும். சி1, சி2 என்று எண் போட்டிருக்கும். எல்லாப் பில்லரும் ஒன்றல்ல. சி1-இல் ஆறு கம்பி, சி2-இல் எட்டுக் கம்பி என்று மாறலாம். மண் மூடுவதற்கு முன் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பில்லரிலும் கம்பியை எண்ணுங்கள். உங்களை யாரும் தடுக்க மாட்டார்கள்.

பில்லர்களைத் தரைமட்டத்தில் இணைத்து ஓடுவது பிளிந்த் பீம். தரையிலிருந்து வீட்டின் தரைத்தளம் வரை உயரும் பகுதி நம் பேச்சில் பேஸ்மட்டம். இங்கே ஒரு குழப்பம் வரும், எச்சரிக்கையாக இருங்கள். வரைபடத்தில் பேஸ்மென்ட் ஃப்ளோர் என்று போட்டிருந்தால் அது பூமிக்குக் கீழே இருக்கும் தளம். மேஸ்திரி சொல்லும் பேஸ்மட்டம் அதுவல்ல. அதற்கு வரைபடப் பெயர் பிளிந்த். பிளிந்த் உயரத்தை ரோட்டு மட்டத்திலிருந்து கணக்கிடச் சொல்லுங்கள். மனை மட்டத்திலிருந்து கணக்கிட்டுவிட்டு, தெருவில் ரோட்டின்மேல் ரோடாகப் போட்டு உயர்ந்தபின் மழைத்தண்ணீர் வாசற்படி ஏறிய வீடுகள் எத்தனையோ.

பேஸ்மட்டத்துக்குள் கிராவலோ சவுடோ நிரப்புவார்கள். மொத்தமாகக் கொட்டி மூடாமல், அரை அடி முக்கால் அடியாகப் பரப்பி, தண்ணீர் விட்டு, திமிசு போட்டுக் கெட்டிப்படுத்த வேண்டும். இப்போது அதற்கு இயந்திரம் வாடகைக்குக் கிடைக்கிறது. இந்த வேலை சரியில்லாத வீட்டில் சில வருடத்தில் தரை உள்வாங்கும், டைல்ஸைத் தட்டினால் அடியில் வெற்றுச் சத்தம் கேட்கும். கரையான் மருந்து அடிப்பதும் இந்தக் கட்டத்தில்தான், தரைக் கான்கிரீட் போடுவதற்கு முன்.

சாமான் இறங்கும்போது

மணலும் ஜல்லியும் யூனிட் கணக்கு. ஒரு யூனிட் 100 கன அடி. லாரி வந்ததும் கொட்டச் சொல்லாதீர்கள். மேலே மட்டம் செய்யச் சொல்லி, உள்பக்க நீளம், அகலம், மணல் நிற்கும் உயரம் மூன்றையும் அடியில் அளந்து பெருக்குங்கள். நீளம் 10, அகலம் 6, உயரம் 5 என்றால் 300 கன அடி, மூன்று யூனிட். கொட்டிய குவியலை அளக்க முடியாது.

ஜல்லியை அளவால் சொல்வார்கள். ஒன்றரை ஜல்லி 40 எம்.எம்., பி.சி.சி.க்கு. முக்கால் ஜல்லி 20 எம்.எம்., கம்பி போடும் எல்லாக் கான்கிரீட்டுக்கும். எம்-சாண்டு கருங்கல்லை உடைத்துச் செய்த மணல், கட்டவும் கான்கிரீட்டுக்கும். அதிலேயே இன்னும் பொடியாகச் சலித்தது பி-சாண்டு, பூச்சுக்கு மட்டும். கிரஷர் தூசியை எம்-சாண்டு என்று விற்பவர்கள் உண்டு. கையில் அள்ளித் தண்ணீரில் கழுவிப் பாருங்கள். தண்ணீர் பால்போல் கலங்கி, கையில் மாவு ஒட்டினால் திருப்பி அனுப்புங்கள்.

சிமெண்டு மூட்டை 50 கிலோ, சுமார் 1.25 கன அடி. மூட்டையின்மேல் தயாரித்த வாரமும் வருடமும் அச்சிட்டிருக்கும். மூன்று மாதத்தைத் தாண்டிய மூட்டையைச் சோதிக்காமல் தளத்துக்குப் பயன்படுத்தக் கூடாது.

கம்பியை எடைக்கு வாங்குகிறோம், எண்ணிக்கைக்குப் பயன்படுத்துகிறோம். ஒரு முழுக் கம்பி 12 மீட்டர், சுமார் 40 அடி. ஒரு மீட்டர் எடையைக் கண்டுபிடிக்க, கம்பியின் விட்டத்தை அதே எண்ணால் பெருக்கி 162-ஆல் வகுத்தால் போதும். 12 எம்.எம். கம்பி என்றால் 144-ஐ 162-ஆல் வகுக்க 0.89 கிலோ. முழுக் கம்பி சுமார் 10.7 கிலோ. 8 எம்.எம். முழுக் கம்பி 4.7 கிலோ, 16 எம்.எம். 19 கிலோ. 10 எம்.எம். வரையுள்ள கம்பிக்கு 7 சதவீதம் வரை ஏற்ற இறக்கத்தை இந்தியத் தரநிலை அனுமதிக்கிறது. அதற்குமேல் குறைந்தால் கம்பி மெலிந்திருக்கிறது. கடைக்காரரிடம் சண்டை போட வேண்டாம், ஒரு கட்டுக் கம்பியை எடைபோட்டு, கம்பிகளை எண்ணி வகுத்துக் காட்டினால் போதும். கம்பிமேல் ஃபெ 500, ஃபெ 550 என்று இருப்பது அதன் பலத்தின் எண். வரைபடம் எதைக் கேட்கிறதோ அதையே வாங்குங்கள்.

சுவர்

ஒன்பது இன்ச் சுவர், நாலரை இன்ச் சுவர் என்ற இரண்டு சொல்லும் தினமும் காதில் விழும். வெளிச்சுவர் ஒன்பது, உள்தடுப்பு நாலரை என்பது வழக்கம். கலவை ஒன்பதுக்கு 1:6, நாலரைக்கு 1:4. முதல் எண் சிமெண்டு, இரண்டாவது மணல். செங்கல் இரண்டை ஒன்றோடொன்று தட்டினால் கணீரென்று ஒலிக்க வேண்டும். கட்டுவதற்கு முன் கல்லை நனைக்க வேண்டும், இல்லாவிட்டால் கலவையின் தண்ணீரைக் கல் உறிஞ்சிவிடும். லேசான வெள்ளை ஏ.ஏ.சி. பிளாக்கை அப்படி ஊறவைக்கக் கூடாது, மேலே ஈரம் தெளித்தால் போதும். கல்லில் எழுத்துப் பொறித்த குழி இருந்தால் அது மேலே பார்த்திருக்க வேண்டும், அப்போதுதான் கலவை குழியில் இறங்கிப் பிடிக்கும்.

கீழ்வரியின் இணைப்புக்கு நேர்மேலே மேல்வரியின் இணைப்பு வரக் கூடாது. தூக்குக்குண்டு விட்டுச் சுவர் நேராக எழும்புகிறதா என்று பார்ப்பதைத் தூக்கு பார்ப்பது என்பார்கள். ரசமட்டமும் தண்ணீர் டியூபும் மட்டம் பார்க்க. ஒரு நாளில் அஞ்சடிக்குமேல் சுவர் ஏற்ற வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

சில் என்பது ஜன்னலின் அடிமட்டம், பெரும்பாலும் தரையிலிருந்து 3 அடி. லிண்டல் என்பது கதவு ஜன்னலுக்கு மேலே ஓடும் கான்கிரீட் பட்டை, 7 அடியில். வீட்டைச் சுற்றி முழுதும் ஓடும் லிண்டலைக் கேளுங்கள், கதவு ஜன்னலுக்கு மேல் மட்டும் துண்டு துண்டாகப் போடுவதைவிட அது நல்லது. நிலை என்பது கதவின் சட்டம். வாசல்நிலை வைக்கும் நாளில் பூஜைக்கு எல்லாரும் கூடுவீர்கள். கூட்டம் கலைந்ததும் ரசமட்டத்தை நிலைமேல் வைத்து இரண்டு பக்கமும் பார்த்துவிடுங்கள்.

சன்ஷேடைப் பற்றி நிறுத்திச் சொல்ல வேண்டும். சுவருக்கு வெளியே ஒரு பக்கம் மட்டும் பிடிமானத்தோடு நீட்டிக்கொண்டிருக்கும் எதற்கும் கான்டிலீவர் என்று பெயர். சன்ஷேடு, பால்கனி எல்லாம் அந்த வகை. சாதாரணத் தளத்தில் நடுப்பகுதி கீழே தொய்யப் பார்க்கும், அதனால் மெயின் கம்பி அடியில் இருக்கும். நீட்டலில் இது தலைகீழ். நுனி கீழே இறங்கப் பார்க்கும்போது மேல்பக்கம்தான் இழுபடும், அதனால் மெயின் கம்பி மேல்பக்கம் இருந்தாக வேண்டும். கம்பி ஆள் சரியாகத்தான் கட்டிவைப்பார். கான்கிரீட் போடும் நாளில் ஆட்கள் அதன்மேல் நடப்பார்கள், பாண்டுச்சட்டியை வைப்பார்கள். மேலே இருந்த கம்பி மிதிபட்டு அடியில் போய்ப் படுத்துவிடும். வெளியே பார்த்தால் எதுவும் தெரியாது. நான் பார்க்கப் போன ஒரு வீட்டில் அடியில் தாங்கிய முட்டுக் கழிகளைப் பிரித்த அன்றே சன்ஷேடு சுவரோரம் வெடித்துத் தொங்கியது. உடைத்தபோது மெயின் கம்பி முழுவதும் அடிப்பலகையோரம் கிடந்தது. கம்பி அளவு சரி, சிமெண்டு சரி, கம்பி இருந்த இடம்தான் தப்பு. அதனால் சன்ஷேடு போடும்போது மேல்கம்பிக்கு அடியில் சேர் இருக்கிறதா என்று பாருங்கள். சேர் என்பது கம்பியையே வளைத்துச் செய்த சிறு முக்காலி மாதிரியான தாங்கி. கான்கிரீட் கொட்டும்போது ஒரு ஆளை அங்கேயே நிறுத்தி, அமுங்கிய கம்பியைக் கொக்கியால் தூக்கிவிடச் சொல்லுங்கள்.

தளம் போடும் நாளுக்கு முந்தின மாலை

தளத்துக்கு அடியில் பலகையும் தகடும் அடித்து அச்சு செய்வது சென்ட்ரிங். அதைத் தாங்கும் கழிகளும் இரும்புக் குழாய்களும் முட்டு. முதலில் முட்டுகளைப் பாருங்கள். ஈரமண்ணில் நேராக ஊன்றாமல், அடியில் பலகைத்துண்டு இருக்க வேண்டும். கையால் ஆட்டினால் ஆடக் கூடாது. தகடுகளின் இடுக்கு வழியாகச் சிமெண்டுப் பால் ஒழுகாமல் அடைத்திருக்க வேண்டும்.

பிறகு மேலே ஏறுங்கள். தளத்தின் கம்பியில் இரண்டு திசை உண்டு. அறையின் குறுகலான பக்கம் ஓடுவது மெயின் கம்பி, அது அடியில் இருக்கும். நீளவாக்கில் அதன்மேல் ஓடுவது டிஸ்ட்ரிபியூஷன் கம்பி. டேப்பை வைத்து இடைவெளியை அளந்து வரைபடத்தோடு ஒப்பிடுங்கள். சுவரோரம், பீம் பக்கம் மேலே வளைத்து எழுப்பிய கம்பி கிராங்க். பீமின் நீளக் கம்பிகளைச் சுற்றிக் கட்டியிருப்பது ரிங். பில்லரும் பீமும் சந்திக்கும் இடத்துக்கு அருகில் ரிங்குகள் நெருக்கமாக இருக்க வேண்டும். ரிங்கின் இரண்டு முனைகளும் வெளியே விரியாமல் உள்நோக்கி நன்றாகக் கொக்கிபோல் மடங்கியிருக்க வேண்டும். கம்பி நீளம் போதாமல் ஒன்றின்மேல் ஒன்றை ஏற்றிக் கட்டுவது லேப். 12 எம்.எம். கம்பிக்கு விட்டத்தைப்போல் 50 மடங்கு, அதாவது 600 எம்.எம்., இரண்டு அடி, வழக்கமாகக் கேட்பார்கள். எல்லா லேப்பும் ஒரே கோட்டில் வரிசையாக விழக் கூடாது.

கவர் என்பது கம்பிக்கும் கான்கிரீட்டின் வெளிப்பரப்புக்கும் இடையே உள்ள தூரம். அதுதான் கம்பியைத் துருவிலிருந்து காப்பாற்றுகிறது. வீட்டு வரைபடங்களில் ஃபுட்டிங்குக்கு 50 எம்.எம்., பில்லருக்கு 40, பீமுக்கு 25, தளத்துக்கு 20 என்று வழக்கமாக இருக்கும். கடலோரத்தில் கூடும். இந்தத் தூரத்தைத் தருவது கவர் பிளாக், சிறு கான்கிரீட் கட்டி. உடைந்த ஜல்லித் துண்டையும் டைல்ஸ் சில்லையும் வைத்துச் சமாளிப்பார்கள், ஒப்புக்கொள்ளாதீர்கள். பழைய வீடுகளில் சீலிங் பெயர்ந்து துருக்கம்பி பல்லைக் காட்டுவதற்குப் பெரும்பாலும் கவர் இல்லாததே காரணம்.

மின்சாரக் குழாய்களும் ஃபேன் பாக்ஸும் இப்போதே கம்பிக்கிடையில் உட்கார்ந்திருக்க வேண்டும். ஒவ்வொரு அறையிலும் ஃபேன் எங்கே என்று எண்ணிப் பாருங்கள். இறங்குவதற்கு முன் எல்லா மூலையையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

கான்கிரீட்

எம் 20 என்பதில் எம் கலவையைக் குறிக்கிறது. 20 என்பது 150 எம்.எம். கட்டியாக வார்த்து 28 நாள் கழித்து அமுக்கினால் சதுர மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் தாங்க வேண்டும் என்பதைக் குறிக்கிறது. கம்பி போடும் கான்கிரீட்டுக்கு இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456 கேட்கும் குறைந்த தரம் இதுதான். கையால் அளந்து போடும்போது 1:1½:3, அதாவது ஒரு மூட்டைச் சிமெண்டுக்கு ஒன்றரை மணல், மூன்று ஜல்லி. சட்டிக் கணக்கில் போடும்போது சட்டி நிரம்புவது ஆளுக்கு ஆள் மாறும், அதனால் அளவுப் பெட்டி வைக்கச் சொல்லுங்கள். 1000 சதுர அடித் தளம் 5 இன்ச் கனத்தில் போட்டால் சுமார் 417 கன அடி கான்கிரீட். பீம் சேர்க்காமல் அதற்கு ஏறக்குறைய 95 மூட்டை ஆகும். 70 மூட்டையில் முடிந்துவிட்டது என்று யாராவது பெருமையாகச் சொன்னால் சந்தோஷப்படாதீர்கள்.

தண்ணீர்தான் என் பெரிய கவலை. ஒரு மூட்டைக்கு 30 லிட்டருக்குமேல் போகக் கூடாது. மணல் ஈரமாக இருந்தால் இன்னும் குறைக்க வேண்டும். ஆனால் கலவை தளதளவென்று இருந்தால் பரப்புவது சுலபம், அதனால் டியூபைத் திறந்துவிட்டுக்கொண்டே இருப்பார்கள். கூடுதல் தண்ணீர் பின்னால் ஆவியாகி, இருந்த இடமெல்லாம் ஓட்டையாகிவிடும். மிக்சர் அருகில் வாளியோடு உங்கள் வீட்டு ஆள் ஒருவர் நிற்கட்டும்.

வைப்ரேட்டரின் ஊசியைச் செங்குத்தாக இறக்கி, மெதுவாக உருவ வேண்டும். கம்பியின்மேல் சாய்த்துப் பிடிக்கக் கூடாது. அது சேராத இடத்தில் ஜல்லி மட்டும் தனியே தெரிவதை ஹனிகோம்ப் என்பார்கள். முட்டுப் பிரித்ததும் மேஸ்திரி அதைக் கலவையால் தடவி மறைத்துவிடுவதற்கு முன் நீங்கள் பார்த்தாக வேண்டும். ஆழமாக இருந்தால் இன்ஜினியர் பார்க்காமல் பூசக் கூடாது.

மறுநாள் தளத்தின்மேல் கலவையால் சிறு வரப்பு கட்டித் தண்ணீர் நிறுத்துவதைப் பாத்தி கட்டுதல் என்பார்கள். பில்லருக்குச் சாக்கு சுற்றி நனைக்க வேண்டும். சாதாரண ஓ.பி.சி. சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாள், நம் வெயிலுக்கும் சாம்பல் கலந்த பி.பி.சி. சிமெண்டுக்கும் 10 நாளுக்குக் குறையாமல், முடிந்தால் 14. முட்டு எப்போது பிரிப்பது என்பதற்கும் ஐ.எஸ். 456-இல் கணக்கு இருக்கிறது. ஓ.பி.சி.யில், நாலரை மீட்டர் வரை அகலமுள்ள தளத்துக்கு 7 நாள், அதற்குமேல் 14. பீமுக்கு 6 மீட்டர் வரை 14 நாள், மேலே 21. அடுத்த வீட்டுக்குப் பலகை வேண்டும் என்று சென்ட்ரிங்காரர் அவசரப்படுவார். "அடுத்த வாரம் வாங்கண்ணே" என்று உறுதியாகச் சொல்லிவிடுங்கள்.

பூச்சு, குழாய், மொட்டைமாடி

சுவரில் பைப் ஓட வெட்டும் பள்ளம் காடி. காடி வெட்டிப் பைப் பதித்தபின், பூசுவதற்கு முன், ஒவ்வொரு சுவரையும் டேப்பைப் பிடித்துக்கொண்டு படம் எடுங்கள். பின்னால் ஆணி அடிக்கும்போது அந்தப் படம் உதவும். தண்ணீர்க் குழாயில் அழுத்தம் ஏற்றிக் கசிவு பார்ப்பதும் இப்போதே. குளியலறைத் தளத்தைக் கொஞ்சம் இறக்கிப் போட்டிருந்தால் அது சங்கன் ஸ்லாப். அதை நிரப்புவதற்கு முன் நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு அடித்துத் தண்ணீர் நிறுத்திப் பார்க்க வேண்டும்.

பில்லரின் வழவழப்பான முகத்தில் பூச்சு பிடிக்காது, முன்கூட்டியே கொத்திவிட வேண்டும். பில்லரும் செங்கலும் சேரும் இடத்தில் கோழிவலை அடித்துப் பூசினால் அந்தக் கோட்டில் வெடிப்பு வருவது குறையும். பூச்சுக்குப் பின் வருவது பட்டி, பிறகு பிரைமர், பிறகு பெயிண்டு. ஈரம் முழுதும் காயாமல் பட்டி பார்த்தால் உரிந்துவிடும்.

மொட்டைமாடியில் வாட்டம் என்ற சொல் முக்கியம். தண்ணீர் வடிகுழாயை நோக்கி ஓடுவதற்கான சாய்வு அது. செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் சேர்த்து அடித்து, மேலே தட்டோடு பதிப்பது நம் பழைய முறை. வீடு குளிர்ச்சியாக இருக்கும், ஆனால் அடிக்கத் தெரிந்த ஆட்கள் குறைந்துவிட்டார்கள். இப்போது நீர்த்தடுப்புப் பூச்சின்மேல் வெள்ளை கூலிங் டைல்ஸ்தான் அதிகம். எது போட்டாலும் தளமும் கைப்பிடிச் சுவரும் சேரும் மூலையில் கலவையை வளைவாக இழுத்துவிடச் சொல்லுங்கள். கசிவு பெரும்பாலும் அந்த மூலையில்தான் தொடங்கும்.

மேல்வேலை முடிந்ததும் வடிகுழாய் வாய்களைத் துணியால் அடைத்து, இரண்டு இன்ச் தண்ணீர் கட்டி இரண்டு நாள் விடுங்கள். கீழே ஒவ்வொரு அறையிலும் சீலிங்கை, குறிப்பாக ஃபேன் பாக்ஸைச் சுற்றியும் மூலைகளிலும், டார்ச் அடித்துப் பாருங்கள். துணியை எடுத்தபின் தண்ணீர் எங்காவது குட்டையாகத் தேங்கினால் சாக்பீஸால் வட்டம் போட்டு மேஸ்திரியிடம் காட்டுங்கள். கடைசித் தவணைப் பணத்தை அதற்குப் பிறகு கொடுத்தால் போதும்.